ஐந்நூறு மாப்பிள்ளைகள்

ஐந்நூறு மாப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்த வேனைக் குடியிருப்புத் தலைவர் வாசல் கேட்டிலேயே மறித்துவிட்டார்.

"ஒரு மாப்பிள்ளைகூட உள்ளே வரக்கூடாது. வண்டியத் திருப்புங்க."

வேனிலிருந்து இறங்கிய ஆய்வுக்கூடத்துப் பெண் சிரித்தாள். அவள் கையிலிருந்த வலைப் பெட்டிக்குள் கொசுக்கள் மொய்த்தன.

"எல்லாம் ஆண் கொசு சார், கடிக்கத் தெரியாது. இதுங்க உடம்புல ஒரு பாக்டீரியா குடியிருக்கு. இதோட சேர்ற வெளிக்கொசு முட்டை போடும், ஆனா பொரியாது. கல்யாணம் உண்டு, வாரிசு கிடையாது. கொசு தானா குறைஞ்சிடும்."

"அதெல்லாம் நோட்டீஸ்ல படிச்சாச்சு. மாடியில என் பொண்ணு எட்டு மாசக் கர்ப்பம், கொசுவலைக்குள்ளயே கிடக்கா. இதுல ஒரே ஒரு பெண் கொசு கலந்திருந்தா? காய்ச்சல்காரங்க நாலு பேரைக் கடிச்சிட்டு என் பொண்ணுகிட்டத்தானே வரும்?"

"கூட்டுப்புழுவா இருக்கும்போதே பிரிச்சிடுவோம் சார். பெண் பெருசு, ஆண் சின்னது. சலிச்சா தனித்தனியா நின்னுடும்."

"ஒன்னுகூடத் தப்பாதா?"

"எப்பவாவது... ஆயிரத்துல ஒன்னு."

தலைவர் முப்பது வருடம் பல்பு கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தவர். தன் கையால் மாட்டி எரியவிட்டுப் பார்க்காமல் ஒரு பல்பையும் வெளியே விட்டதில்லை.

"வேணும்னா நான் கைய உள்ள விட்டுக் காட்டறேன் சார்."

"உங்க சரக்குக்கு நீங்களே சர்டிபிகேட்டா? நகருங்கம்மா."

சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கை வலிக்காரர், தோளிலிருந்து விரல் நுனிவரை தினமும் காலையில் மனைவி களிம்பு தேய்த்துவிடுவாள். இன்றைக்கு என்னவோ அது எரியக்கூட இல்லை. வயசாக ஆகத் தோலும் மரத்துப்போகும் போலிருக்கிறது.

பெட்டியின் துணி வாய்க்குள் கையை நுழைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். கொசுக்கள் சுற்றின, பறந்தன, வலையில் போய் உட்கார்ந்தன.

"ஐயா ரத்தம்னா கொசுவுக்கே பயம்!" என்றார் வாட்ச்மேன்.

பத்து நிமிடம் ஆயிற்று. ஒரு கடி இல்லை.

"இது சரக்கு!" என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த நிமிடம் ஐந்நூறும் சாக்கடையோரச் செடிகளுக்குள் பறந்து மறைந்தன.

மாடிப்படி ஏறும்போதே மகளுக்குக் குரல் கொடுத்தார். "வலைய அவுத்துப் போடும்மா! அப்பா சொந்தக் கையால சோதிச்சு உள்ள விட்டாச்சு!"

காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடி மனைவிக்கு இப்போதுதான் கிடைத்திருந்தது. அதை மாட்டிக்கொண்டு, கையிலிருந்த ட்யூபைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, காலையில உங்க கையில தேய்ச்சது நம்ம பொண்ணோட கொசு க்ரீமுங்க."