ஒரு பாட்டில், மூன்று ஜோடி

உண்ணி பூட்ஸின் நுனியில் ஏறியபோதே அவள் பார்த்துவிட்டாள்.

எள்ளளவுதான் இருந்தது. புல்லிலிருந்து தொற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல், சொந்த வீட்டுப் படியில் ஏறுவதுபோல் ஏறியது.

தட்டிவிட்டிருக்கலாம். நில அளவை வேலையில் பத்து வருடமாகத் தட்டிவிட்டுக்கொண்டுதான் இருந்தாள். தட்ட மறந்த ஒன்று கடித்து, போன வருடம் காய்ச்சலில் அவளை இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடத்தியது. ஒன்பதாம் நாள் கணவனையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லையாம். நர்ஸ் சொல்லித்தான் தெரியும். அவன் அதைப் பற்றி இதுவரை வாய் திறந்ததில்லை.

அதற்குப் பிறகு இன்றுதான் புல்லுக்குள் கால் வைத்திருக்கிறாள். இன்னும் நாற்பது நாள் வேலை இங்கேதான்.

அதனால் தட்டவில்லை. அசையாமல் நின்றாள். பேன்ட்டில் ஏற்றிய மருந்து வேலை செய்கிறதா என்று இப்போதே தெரிந்தாக வேண்டும்.

மருந்தின் மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. கணவன் மேல்தான்.

தராசு பழுது பார்க்கிறவன் அவன். கஞ்சன் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டான். கோபத்தையும் வீணாக்க மாட்டான்.

பூச்சி மருந்து ஏற்றியே கடையில் விற்கும் உடுப்பின் விலையைப் பார்த்தவன், "இந்த விலைக்குப் பூச்சியவே வாங்கி வீட்டுல வளக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஒரு பாட்டில் மருந்தை மட்டும் வாங்கி வந்தான். ஒரு பாட்டில் ஒரு ஜோடி உடுப்புக்கு என்று அதில் அச்சடித்திருந்தது. அவளிடம் இருப்பது மூன்று ஜோடி.

"பாட்டில் விக்கிறவன் வேற எப்படி எழுதுவான்?"

முதல் வாரம் அவளுடைய உடுப்பைத் தொடவே இல்லை. சாயங்காலமானால் பின்வாசலில், கொசு மொய்க்கும் சாக்கடை ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான். லைட் எரிவதை மிச்சம் பிடிக்கிறான் என்று நினைத்தாள். கொடியில், நான்கு விரல் அகலத்தில் நான்கு துணிப் பட்டைகள் காய்ந்தன. பழைய சட்டையைக் கிழித்து எதற்கோ ஆக்குகிறான் என்று அதையும் விட்டுவிட்டாள்.

பிறகு ஒருநாள் அவளுடைய பேன்ட்டை வெறும் தண்ணீரில் முக்கி, பிழிந்து, தராசில் வைத்தான். துணி எவ்வளவு தண்ணீர் குடிக்கிறதோ அவ்வளவுக்கு மட்டும் மருந்துக் கலவை. பாலிதீன் பையில் துணியோடு ஊற்றிக் கட்டி, மாவு பிசைவதுபோல் பிசைந்தான். பையைக் கவிழ்த்தபோது ஒரு சொட்டுகூட விழவில்லை. மூன்று ஜோடியையும் இப்படியே முடித்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தினான்.

கலவையில் மருந்து எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. தீர்ந்துபோன ஷாம்பு பாட்டிலுக்குள் அவன் எத்தனை முறை தண்ணீர் ஊற்றிக் குலுக்குவான் என்று அவளுக்குத் தெரியும்.

இன்று காலை, பரண் மேலிருந்து அவளுடைய டிபன் பாக்ஸை எடுத்தபோது அவன் சட்டைக் கை விலகியது. வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை. உள்ளே சிவப்புச் சிவப்பாய்த் தடித்திருந்தது.

வேர்க்குரு என்றான். பவுடர் போடுங்க என்றாள்.

"தானா போறதுக்கு எதுக்கு பவுடர்? நீ வெயிலடிக்குதுன்னு கைய மடிச்சு விட்டுக்காத, அது போதும்."

உண்ணி இப்போது பூட்ஸைத் தாண்டி, பேன்ட்டின் ஓரத்தைப் பிடித்துவிட்டது. ஏறியது. ஒரு விரற்கடை. இரண்டு.

அளவுகோலைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்ற உதவியாளர் குரல் கொடுத்தார்.

"என்ன மேடம், கல்லாட்டம் நிக்கிறீங்க?"

பொறுங்கள் என்று கையைக் காட்டினாள்.

முழங்காலுக்கு ஒரு சாண் கீழே உண்ணி நின்றது. முன்னங்கால்களைத் தூக்கிக் காற்றில் துழாவியது. தள்ளாடியது. நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, கால்களை மடக்கிக்கொண்டு, உதிர்ந்தது.

அவள் மூச்சு விட்டாள்.

பின்னாலேயே இன்னொன்று ஏறி வந்தது. ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது, உதிர்ந்தது. மூன்றாவது அந்த உயரத்துக்குக்கூட வரவில்லை.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. நிறமில்லை, மணமில்லை, தொட்டால் வெறும் பழைய பேன்ட். அவளைச் சாவு வரைக்கும் இழுத்துப் போன ஜந்து, அதில் முழங்கால் உயரம்கூட ஏற முடியாமல் விழுகிறது. கும்பிட வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

மூன்றில் ஒரு பங்கு மருந்து. அதற்கே இந்தக் கதி. எவ்வளவு போதும் என்று இத்தனை கச்சிதமாக அவனுக்கு எப்படித் தெரிந்தது?

அப்போதுதான் காலையில் பார்த்த கை அவள் கண்முன் வந்தது.

மணிக்கட்டில் ஊசி குத்த இடமில்லாமல் சிவப்பு. நான்கு விரல் மேலே, கொஞ்சம் குறைவு. இன்னும் நான்கு விரல் மேலே, அங்கொன்றும் இங்கொன்றும். முழங்கையை ஒட்டிய கடைசி நான்கு விரல் அகலம் மட்டும் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

ஒவ்வொரு நான்கு விரலுக்கும் நடுவில் ஒரு கோடு, மொத்தம் மூன்று கோடுகள். மூன்றும் நேர்கோடுகள்.

கோடு பார்ப்பதுதான் அவள் தொழில். காலையில் அவள் பார்க்கவில்லை.

வேர்க்குரு எந்தக் கையிலும் நேர்கோட்டில் வந்து நிற்காது. கொடியில் காய்ந்த நான்கு பட்டைகளைக் கையில் சுற்றிக்கொண்டு கொசுவுக்கு நடுவே உட்கார்ந்தால் நிற்கும்.

"கோல இங்கயே நடவா மேடம்?"

அவள் வெயிலுக்காக மடித்து விட்டிருந்த சட்டைக் கைகளை மணிக்கட்டு வரை இறக்கி, ஒவ்வொன்றாகப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.