கண்ணாடிப் பெட்டியில் ஒரு குச்சி

"இதுக்குப் பேரு மியூசியமா?"

சென்னை விம்கோ நகர் சந்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து, தொப்பலாக நனைந்து வந்து நின்றான் அர்ஜுன். டிசம்பர் மழை. யாரும் ஊர் சுற்றாத சீசனாகப் பார்த்துப் போய், அந்தந்த இடத்தைப் பற்றி ஆன்லைனில் நல்லது கெட்டது எழுதுகிறவன். எழுபதாயிரம் பேர் படிக்கிறார்கள். அந்தத் திமிர் ஆளுக்கு முன்னால் நடந்து வந்தது.

"ஆமா சார், வத்திப்பொட்டி மியூசியம்," என்றார் பீம்ராவ், துண்டை நீட்டிக்கொண்டே. "நாலாயிரம் பொட்டி கீது. நீங்க நல்லதா ரெண்டு வரி எழுதுனா இஸ்கூல் புள்ளைங்கள இட்டாருவாங்க. இல்லாங்காட்டி பொங்கலோட மூடிக்கினு போவ வேண்டியதான்."

"நாலாயிரமும் காலித் தீப்பெட்டிதானே? குப்பை பொறுக்கினா மியூசியமா?"

"ஒண்ணுத்துல மட்டும் குச்சி கீது சார். அறுவது வருசத்துக் குச்சி. இன்னும் கொளுத்தல. கண்ணாடிக்குள்ள வச்சிக்கிறேன்."

அதைப் பார்க்கத்தான் அவனும் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ஆனால் வயிறு கேட்கவில்லை.

"அப்புறம் பார்க்கலாம். முதல்ல சூடா ஏதாவது சாப்பிடக் குடுங்க."

பீம்ராவின் மனைவி மாயா, அவனை உள் அறையில் உட்கார வைத்தாள்.

"காலைல ஆக்குன சோறும் நெத்திலிக் கொயம்பும் கீது சார். ஆனா ஆறிப்போச்சே. கரண்ட்டும் இல்ல, லைட்டரும் மக்கர் பண்ணுது."

"ஆறினதை நாய்கூடத் திங்காது. வந்தவனுக்குச் சூடா போடணும்னுகூட உங்க ஏரியால தெரியாதா?"

மாயாவுக்குச் சுருக்கென்றது. புருஷன் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போனது. முன் அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "சரி, எடுத்துக்கோ" என்றார்.

என்ன குசுகுசுப்பு? பிச்சைக்காரத்தனம், ஒரு பிடி சோற்றுக்கு இவ்வளவு யோசனை என்று நினைத்துக்கொண்டான் அர்ஜுன்.

குழம்பு ஆவி பறக்க வந்தது. மூன்று தரம் சோறு வாங்கித் தின்றான். விரலைக்கூட விடவில்லை. நன்றாயிருக்கிறது என்று வாய் தவறியும் சொல்லவில்லை.

ஏப்பம் விட்டபடி முன் அறைக்குப் போனான். கண்ணாடிக்குள் பெட்டி திறந்து கிடந்தது. குச்சி இல்லை.

"எங்கய்யா குச்சி? ஊரை ஏமாத்துறீங்களா?"

பீம்ராவ் திறந்து கிடந்த பெட்டியை மூடி வைத்தார்.

'பச்சை ஃபிராடு. குச்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. யாரும் போய்த் தொலையாதீர்கள்.' அங்கேயே போனில் தட்டி, ஒற்றை ஸ்டார் போட்டு அனுப்பினான். அனுப்பியதை அவர்களிடம் படித்தும் காட்டினான், மகராசன்.

எச்சில் தட்டோடு வந்த மாயாவின் கண் சிவந்தது.

"வுடு மாயா," என்றார் பீம்ராவ். "சோறு போட்டுட்டு சொல்லிக் காட்டக் கூடாது."

"நீ சும்மா இரு! வூட்ல இருந்த வத்திப்பொட்டில்லாம் மழைல நமுத்துப் போச்சு சார். கடையெல்லாம் தண்ணில கீது. உனக்கு அடுப்பு பத்த வைக்க அந்த ஒரு குச்சிதான் இருந்துச்சு. அது எங்கன்னு எங்கள ஏன் கேக்குற? உன் வவுத்தக் கேளு!"