தனித்தனிப் படம்

"கையை எடுங்க! தட்டுக்குள்ள என்ன கை?"

"நான் எங்கே கையை விட்டேன்? அது உன்னோட…"

"என் கை ரெண்டும் பிலிம் மேல இருக்கு. அப்ப இது யார் கை, பக்கத்து வீட்டுக்காரர் கையா?"

"இடம் இருந்தாத்தானே வேற எங்கேயாவது வெக்க முடியும்? குளியலறையா இது, தீப்பெட்டி!"

"உங்களை யாரு உள்ளே வரச் சொன்னது?"

கும்மிருட்டு. ஜன்னலுக்குக் கம்பளி, கதவிடுக்குக்கு ஈரத் துண்டு. தரையில் மூன்று தட்டுகளில் மருந்துத் தண்ணீர். முதல் தட்டில் படம் எழும், இரண்டாவதில் அது அடங்கும், மூன்றாவதில் நிலைக்கும். முக்காலியில் குந்தியிருந்த படக்காரம்மாவின் விரல்களுக்கடியில், உள்ளங்கையைவிடப் பெரிய இரண்டு பிலிம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டுகொண்டிருந்தன. நகம் பட்டால் கீறல். பொட்டு வெளிச்சம் பட்டால் எல்லாம் பாழ்.

அவள் பிலிம் கழுவ உட்கார்ந்தால் கணவர் தெருக்கோடிக்குப் போய்விடுவதுதான் வழக்கம். இன்று மட்டும் வம்படியாக உள்ளே வந்து, பல்லி மாதிரி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு நேரமாச்சுன்னு கேளு."

"நீங்களே கேளுங்களேன். கதவுக்கு அந்தப் பக்கம்தானே நிக்கிறா?"

"நான் கேக்க மாட்டேன்."

வெளியே கடிகாரத்தோடு நின்ற மகளின் குரல் வந்தது. "பாதி தாண்டியாச்சும்மா. உன் பக்கத்துல இருக்கிறவருக்கும் சொல்லிடு."

"வாயைப் பாரு!" என்றார் அவர், இருட்டிடம்.

அப்பாவும் மகளும் நேருக்கு நேர் பேசி ஒரு வருஷமாகிறது. பட்டம் வாங்கி, நல்ல அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த பெண் அதை உதறிவிட்டு, அப்பாவின் டிப்போவிலேயே பஸ் டிரைவராகச் சேர்ந்துவிட்டாள். "இதுக்கா படிக்க வெச்சேன்? இந்த யூனிஃபார்மோட அவ நின்னா, ஒரு போட்டோவுக்குக்கூட நான் பக்கத்துல நிக்க மாட்டேன்!" என்று டிப்போ அதிரக் கத்தினார் அவர். சொன்னால் சொன்னதுதான் என்று பெயரெடுத்த மனுஷர்.

இன்று அவருக்கு வேலையில் கடைசி நாள். அவர் ஓட்டிய பஸ்ஸுக்கும்தான். காலையில் பெரிய கேமராவோடு டிப்போவுக்குப் போனாள் படக்காரம்மா. ஒரு படம், சேர்ந்து ஒரே ஒரு படம் என்று கண்டக்டர்கள் எல்லாம் கெஞ்சிப் பார்த்தார்கள்.

"தனித்தனியா எடு" என்று முடித்துவிட்டார் அவர். "என் சீட்டுல வேற யாரும் உக்காரக் கூடாது. அவளைப் படியில நிக்கச் சொல்லு."

கேமராவை அசைக்காமலேயே எடுத்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரை ஒன்று. அவர் இறங்கி வந்து, பிலிம் போட்ட சட்டத்தை மறுபடி எடுத்துக் கொடுத்த பிறகு, படியில் மகளை ஒன்று. மத்தியானமே பஸ்ஸை உடைப்பதற்கு இழுத்துப் போய்விட்டார்கள். இனி நினைத்தாலும் எடுக்க முடியாது. இந்த இரண்டு பிலிம்தான்.

"வருமில்லே?" என்றார் அவர்.

"வரும்."

"ஒண்ணு நல்லா வந்தாக்கூடப் போதும்."

"என்ன பேச்சு இது? என் கையில ஒரு பிலிம் பாழானதுண்டா? இத்தனை வருஷமா கூடவே சட்டத்தைத் தூக்கிக்கிட்டு வர்றீங்க, நீங்களே சொல்லுங்க!"

"நேரமாச்சும்மா!" என்றாள் மகள்.

பிலிம்கள் இரண்டாவது தட்டுக்குப் போயின, பிறகு மூன்றாவதுக்கு. சற்றுப் பொறுத்து, "போடு லைட்டை" என்றாள் படக்காரம்மா. கதவு திறந்தது.

முதல் பிலிமை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். துடைத்த கண்ணாடி போல வெறுமையாக இருந்தது அது.

அவசரமாக இரண்டாவதை எடுத்தாள். சீட்டில் அப்பா. அவர் தோளருகே, பஸ்ஸின் படியில் மகள். ஒரே யூனிஃபார்ம், ஒரே நிமிர்வு, இரண்டு பேரும் ஒரே படத்தில். நெகட்டிவ் ஆனதால் அவருடைய நரை கன்னங்கரேலென்று மாறியிருந்தது. மகளின் கூந்தல் பஞ்சாக வெளுத்திருந்தது.

"ஐயோ, இதுல நான்தான்மா சீனியர்!" என்று மகள் சிரித்தாள்.

"சிரிக்காதடி! சட்டத்துல முன்பக்கம் ஒரு பிலிம், பின்பக்கம் ஒரு பிலிம். ஒண்ணு எடுத்ததும் திருப்பிச் சொருகணும். இது கத்துக்குட்டிகூடப் பண்ணாத தப்பு. இதுக்காக எத்தனை பேரைக் கேலி பண்ணியிருக்கேன்! பார்க்காம அதே பக்கத்தைச் சொருகி, ஒரு பிலிம்லேயே ரெண்டு தடவை எடுத்திருக்கேனே!" படக்காரம்மா பிலிமைத் திரும்பத் தட்டிலேயே போட்டாள். "அவ்வளவுதான். கேமராவைத் தூக்கிப் பரண்ல போட்டுட வேண்டியதுதான்."

கணவர் தொண்டையைச் செருமினார்.

"பரண்லயும் போட வேணாம், ஒண்ணும் வேணாம். உன்மேல தப்பில்லை. சட்டத்தை வேணும்னே திருப்பாம உன் கையில குடுத்தது நான்தான்."

சொல்லிவிட்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக மகளை நேருக்கு நேர் பார்த்தார்.

"உன் பக்கத்துல நிக்க மாட்டேன்னு டிப்போ பூரா கேக்கக் கத்தித் தொலைச்சுட்டேன். என் சொல்லும் நிக்கணும், என் டிரைவர் பொண்ணும் என் பக்கத்துல நிக்கணும்னா, ஒரு அப்பன் வேற என்னதான் பண்ணுவான், நீயே சொல்லு?"