ஒருத்தராவது நம்பணும்

"இன்னாப்பா நீ, எடுத்ததும் 'வணக்கமுங்க அம்மா'ங்கிற! அதுலயே மாட்டிக்கின. உன் குரல்ல பேங்க்கே இல்ல!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் பிரபாவதி.

அரிபிரசாத் போனை மேசைமேல் வைத்தான். காலையிலிருந்து இது பதினேழாவது. "உங்க அக்கவுண்ட் பிரீஸ் ஆயிருக்குதுங்க" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் பதினேழு பேரும் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அதில் ஒருவர் துண்டிப்பதற்கு முன் அவன் பரம்பரையையே இழுத்துவிட்டார்.

கோயம்புத்தூர்ப் பிள்ளை. திண்டிவனத்துக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. யாரிடமும் 'ங்க' போடாமல் பேசிப் பழக்கமில்லை. பிரபாவதி இந்த ஊர்க்காரி, ஆறு வருடமாக இங்கேயே பழம் தின்று கொட்டை போட்டவள். அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் இல்லாத அந்தப் பின்னறையில் அவனுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"விழுப்புரத்துல இருந்து ரெண்டு தபா போன் வந்துச்சு," என்றாள். "லிஸ்ட்ல இருக்கிறவங்கள்ல ஒருத்தராவது இன்னைக்கு நம்பி வரலன்னா, உன்னைத் தூக்கி வடக்கே போட்ருவேன்னு சொல்லிட்டாரு அங்க இருக்கிற பெரியவரு."

அரிபிரசாத் வடக்கே போவதா? வீட்டில் மனைவி பவானிக்கு எட்டாம் மாதம். இந்த நேரத்தில் அவளை விட்டுவிட்டு, பாஷை தெரியாத ஊரில் போய் உட்கார்ந்து அவன் யாரை நம்ப வைப்பது?

"நான் என்னக்கா பண்றது? இது மூணாவது சிம்முங்க. முதல் ரெண்டு நம்பரையும் போலீஸ்ல கொடுத்துட்டாங்க. இப்ப நான் கூப்பிட்டாலே அவங்க போன்ல 'பிராடு அரி'ன்னு பேரு வருதாமுங்க."

"வரும் வரும். ஜனம் உஷாராயிடுச்சு. அடுத்தது யாரு?"

அவன் பட்டியலைப் பார்த்தான். "கெங்கம்மாள். மரக்காணத்துல கருவாட்டு வியாபாரமுங்க. கணக்குல ஒரு லட்சத்து எண்பதாயிரம் இருக்குது. தனியா இருக்கிற அம்மா. பாவமுங்க."

"பாவம் பார்த்தா வேலைக்கு ஆவாது. போன வாரமே அது உன்னைக் கிழிச்சுதே?"

"ஆமாங்க. 'இவ்ளோ மரியாதையா பேசுறியே, நீ எந்த ஊர்த் திருடன்டா'ன்னு கேட்டாங்க."

"பாத்தியா, கரெக்டா புடிச்சிருக்கு! எந்த பேங்க்காரன்பா 'சாப்டீங்களாம்மா'ன்னு கேட்டிருக்கான்? எடுத்த எடுப்புல எரிஞ்சு விழு. பேரு கேட்டா சொல்லாத. அது பேசிக்கினு இருக்கும்போதே இந்தப் பக்கம் திரும்பி, டீ வந்துச்சான்னு கேளு. அப்பதான் நம்பும்."

அரிபிரசாத் கண்ணை மூடிப் பவானியை ஒருமுறை நினைத்துக்கொண்டான். எண்ணை அழுத்தினான்.

"யாரு?" என்றது கெங்கம்மாளின் குரல்.

"ம்... பேங்க்." வாய்வரை வந்த 'ங்க'வை விழுங்கியதில் அவனுக்குப் புரையேறிவிட்டது.

"நீ நெசமா பேங்க்குதான்னு நான் எப்படி நம்புறது?"

"நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ. எனக்கென்ன வந்துச்சு?" என்றவன் பிரபாவதியின் பக்கம் திரும்பி, "டீ வந்துச்சா?" என்றான்.

எதிர்முனையிலிருந்து மெதுவாக, "சார்... என் அக்கவுண்ட்டுக்கு இன்னா சார் ஆச்சு?" என்று வந்தது.

சார்! பிரபாவதி கட்டைவிரலை உயர்த்தினாள்.

"ரெண்டு மாசமா பேப்பர் குடுக்காம தூங்கிட்டு இருந்தியா? ஆதார், பான் கார்டு, ரெண்டு போட்டோ. எல்லாத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, கையெழுத்துப் போட்டு, மூணரைக்குள்ள திண்டிவனத்துக்குக் கொண்டு வா. ஒரு நிமிஷம் தாண்டினாலும் நாளைக்குத்தான்."

"ஐயோ, நாளைக்குன்னு மட்டும் சொல்லாதீங்க சார்! நீங்க நெசமாவே பேங்க்குதான் சார். தெரியாம, அன்னைக்கு மரியாதையா பேசின தடிப்பயல்தான் இதுன்னு நெனச்சிட்டேன். இதோ பஸ் ஏறிட்டேன்."

போனை வைத்ததும் அரிபிரசாத்துக்கு அழுகையே வந்துவிட்டது. "எங்கம்மா வயசுங்க அவங்களுக்கு!"

"அழுவாத. அது இங்க வந்தப்புறமும் இதே மாதிரி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு பேசு. காரியம் முடியற வரைக்கும் சிரிச்சுத் தொலைக்காத," என்றாள் பிரபாவதி.

மூன்று இருபத்தைந்துக்குக் கெங்கம்மாள் கட்டைப்பையோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். வாசலில் இருந்த வங்கியின் பெயர்ப்பலகையைப் பார்த்தாள். துப்பாக்கியோடு நின்ற காவலாளியைப் பார்த்தாள். 'அரிபிரசாத், உதவி மேலாளர்' என்று எழுதியிருந்த மேசைக்கு முன்னால் போய் நின்றாள். பட்டியலில் இருந்த முதல் வாடிக்கையாளர் வந்துவிட்ட சந்தோஷத்தில், காசாளர் கூண்டுக்குள்ளிருந்து பிரபாவதி காட்டிய சைகை எதுவும் உதவி மேலாளரின் கண்ணில் படவில்லை. அவன் எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி, "வாங்கம்மா, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றான்.

கெங்கம்மாள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். கட்டைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு போலீசுக்குப் போன் போட்டாள். "சார், ஜல்தி வாங்க! திண்டிவனத்துல ஒரு பேங்க்கையே போலியா கட்டி வச்சிக்கினு உக்காந்திருக்கானுங்க!"