சன்னாசியின் சிரட்டை

காய்ச்சலில் பிதற்றிய சன்னாசியின் முதுகுத்தண்டிலிருந்து ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாய் எடுத்த நீரை, பெண்சாதி தவமணிதான் டவுன் லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவனை அடக்கம் பண்ணிய மறுநாள் லேபிலிருந்து போன் வந்தது.

"தண்ணி கொட்டிப் போச்சு. திரும்ப எடுத்துட்டு வாங்க."

அவள் கத்துவதற்குள் வைத்துவிட்டார்கள்.

அவன் பால் வெட்டிய ரப்பர் மரத்தில், பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டையை, வெட்ட ஆளில்லை என்று அவளே கவிழ்த்திருந்தாள். விடிந்து பார்த்தால் நிமிர்ந்திருந்தது. உள்ளே பால் இல்லை. தெளிந்த நீர், இளஞ்சூடாக.

போத்தலில் ஊற்றிக்கொண்டு போய் லேப் பெண்ணின் மேசையில் ணங்கென்று வைத்தாள்.

"இந்தாங்க மிஸ், இதையும் கொட்டுங்க!"

மிஸ் சோதித்துவிட்டுச் சிரித்தாள்.

"நோய் ஒண்ணுமில்லம்மா. ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."