ஒட்டுப்புல் ஒட்டாத பை

பாராசூட் சங்கத்தின் அறையில் நிறைமாத எலி ஒன்று குட்டி போட இடம் தேடியது. ஒருநாளும் வானத்துக்குப் போகாத பாராசூட் பை அதற்கு வேண்டும்.

“கிடைக்காதுக்கா,” என்றது சுவர்ப்பல்லி. “பதிவேட்டுல இருநூறு பேரு. எல்லாருமே குதிக்கிறவங்க.”

“பதிவேட்டை விடு. குதிச்சவன் புல்லுலதானே வந்து விழணும்?”

எலி வயிற்றை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு பையிலும் ஏறி ஒட்டுப்புல் தேடியது. மூன்று நாளில் இருநூறையும் பார்த்து முடித்தது. ஒன்பதில்தான் புல் ஒட்டியிருந்தது.

“மிச்சத்துல எது பத்திரம், அக்கா?”

“தினமும் வந்து ஆகாயத்தைப் பத்தியே பேசுறாரே தலைவர், அவர் பைதான்.”

தலைவர் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் பையில் நேற்று அந்த எலியின் கொள்ளுப்பேத்தி குட்டி போட்டது.