டொக்டரின் பேரில் ஓர் அர்ச்சனை

கிளினிக் மேசையில் யன்னல் கம்பிகளின் நிழல் கோடு கோடாகக் கிடக்கிறது. குழந்தைகளின் இதயத்தை அறுத்துத் தைக்க இந்த ஆஸ்பத்திரியில் இருப்பது டொக்டர் ஆரணி ஒருத்திதான். ஜெர்மனிக்குப் போய் வேலை செய்ய அனுமதி கிடைத்துவிட்ட செய்தி அவளுடைய கைபேசியில் ஒளிர்கிறது. எதிரே அரியாலையிலிருந்து வந்த சிவமலர். மடியில் உதடு நீலம் பாரித்த குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விடுகிறது. வாழையிலைத் துண்டில் கொண்டுவந்த திருநீற்றைச் சிவமலர் நீட்டுகிறாள். “போனமுறை வரேக்கை ஏதோ அலுவல் சரிவரேல்லை எண்டு முகம் வாடியிருந்தியள். நேர்ஸ் மிசியிட்டை உங்கடை நட்சத்திரம் கேட்டு நல்லூரிலை அர்ச்சனை செய்தனான். சரிவந்திட்டுதோ, டொக்டர்?” “ஓம்” என்கிறாள் ஆரணி. சிவமலரின் முகமெல்லாம் சிரிப்பு. “அப்பாடா! இனி யோசினையில்லாமல் என்ரை பிள்ளைக்கு ஒப்பரேசன் செய்வியள்.” ஆரணி கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். திருநீறு தொட்ட விரல் நெற்றிக்குப் போகாமல் அந்தரத்தில் நிற்கிறது.